கொழுப்பு சேர்க்காத வாரம்

யூதித்: ...அப்புறம் பவுல் மாமா கரண்டிய சூப்புக்குள்ள விட்டு, தூக்கிப் பிடிச்சு, வெளிச்சத்துல பாத்தாராம். "இது வாத்து வெந்த தண்ணியா, வாத்து நீந்திட்டுப் போன தண்ணியா"ன்னு கேட்டாராம்.

ராகேல்: யாரு சொன்னா உனக்கு?

யூதித்: யாரு சொல்லல? நான் வேன விட்டு எறங்கினதும் காதுல விழுந்த மொத சேதியே அதுதான். எல்லாருக்கும் சமைக்கற வாரம் ராகேலுக்கு வந்துச்சு, பண்ணையே பட்டினி கெடந்துச்சுன்னு.

ராகேல்: பட்டினி ஒண்ணும் இல்ல. ரொட்டி இருந்துச்சு. உருளைக்கிழங்கு இருந்துச்சு.

யூதித்: வெறும் தண்ணியில அவிச்ச உருளைக்கிழங்கு.

ராகேல்: வாயக் கொறச்சுட்டு கையப் பாரு. வாத்துலேருந்து பிடுங்கின பெரிய எறக இந்தச் சாக்குல போடு. தூவியோட கலந்துட்டா மெத்தை குத்தும். உன் கல்யாண மெத்தைதானே, அப்புறம் ராத்திரியெல்லாம் நெளிஞ்சுக்கிட்டுக் கெடப்பே.

யூதித்: எலியாஸ் பக்கம் குத்தட்டும். நான் தூவிப் பக்கம் படுத்துக்கறேன்.

ராகேல்: வெக்கங்கெட்டவளே... குழந்தை இருக்கு.

யூதித்: குழந்தைக்கு என்ன புரியும். லேயா... ஏய், லேயாக் குட்டி. சித்தியப் பாரு. தலையெல்லாம் எறகு, நீயே ஒரு வாத்துக் குஞ்சு மாதிரிதான் இருக்கே.

லேயா: சித்... தி.

யூதித்: சொல்லிட்டா. அக்கா, கேட்டியா, ஒரே மூச்சுல சொல்லிட்டா.

ராகேல்: ரெண்டு மூச்சு. எனக்குத் தெரியும், நான் தெனமும் கேக்கறேன்.

யூதித்: சரி, ரெண்டு. வா, சித்திகிட்ட வா... அப்படித்தான்... ஐயோ, சாஞ்சுட்டா.

ராகேல்: விடு. தூவி மேலதானே விழுந்தா. அடி படாது.

யூதித்: சிரிக்கிறா பாரு.

ராகேல்: விழறப்பல்லாம் சிரிப்பா. விழுந்தா நாலு பேரு ஓடி வருவாங்கன்னு கண்டுபிடிச்சு வெச்சிருக்கா.

யூதித்: வாடி, மடியில உக்காரு... அக்கா.

ராகேல்: ம்.

யூதித்: வந்ததுலேருந்து பாக்கறேன், இவ எளச்சுட்டா.

ராகேல்: வளர்ற பிள்ளை.

யூதித்: வளர்ற பிள்ளைக்கு விலா எலும்பு கையில தட்டுப்படாது. அறுவடைக்கு முன்னாடி வந்தப்போ தூக்கினேனே, இடுப்பு ஒடிஞ்சுது எனக்கு. இப்ப கோழி மாதிரி இருக்கா. சாப்பிடறாளா இல்லையா?

ராகேல்: சாப்பிடறா. அவளுக்குன்னு தனியாப் பண்ணிக் குடுக்கறேன்.

யூதித்: என்ன பண்ணிக் குடுக்கறே?

ராகேல்: கஞ்சி... காய்... மீன் இருந்தா மீன்.

யூதித்: பாலேடு?

ராகேல்: இல்ல.

யூதித்: வெண்ணெய்?

ராகேல்: நீ என்ன, சமையல் தலைவியா? விசாரிக்க வந்துட்டே.

யூதித்: வெண்ணெய் குடுக்கறதில்ல. பாலேடு குடுக்கறதில்ல. ரொட்டிக்கு வாத்துக் கொழுப்பு தடவறதில்ல. உன் சமையல் வாரத்துல ஊருக்கே தடவல. இவளுக்காகத்தானே அதெல்லாம்?

ராகேல்: ஒரே அடுப்பு, ஒரே பானை. ஊருக்கே சமைக்கற வாரத்துல இவளுக்கு மட்டும் எப்படித் தனியா... அந்த ஒரு வாரமாவது எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடட்டும்னு பாத்தேன்.

யூதித்: யாரு சொன்னா கொழுப்பு ஆகாதுன்னு?

ராகேல்: கால்கரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

யூதித்: குடுக்காதேன்னு சொன்னாங்களா?

ராகேல்: கொழுப்பப் பத்திப் பேசினாங்க. ரொம்ப நேரம் பேசினாங்க.

யூதித்: குடுக்காதேன்னு சொன்னாங்களான்னு கேட்டேன்.

ராகேல்: ...அப்படிச் சொல்லல.

யூதித்: பின்ன?

ராகேல்: உனக்குப் புரியாது. படம் போட்டுக் காட்டினாங்க. எனக்கே பாதிதான் ஏறிச்சு.

யூதித்: அந்தப் பாதியச் சொல்லு. இன்னும் ஒரு கூடை வாத்து கெடக்கு, வேற என்ன வேலை நமக்கு.

ராகேல்: இங்கிலீஷ்ல சொன்னத நம்ம பேச்சுல எப்படிச் சொல்றது...

யூதித்: சும்மா சொல்லு. நான் போதகர் இல்ல, தப்பு கண்டுபிடிக்க மாட்டேன்.

ராகேல்: மூளை வயித்துக்குள்ளேயே கட்டி முடிஞ்சுடுமாம். முக்காவாசி.

யூதித்: சரி.

ராகேல்: அது உருவாகுறப்போ, சின்னச் சின்ன உயிரணு... கண்ணுக்குத் தெரியாது... அதெல்லாம் உள்ளுக்குள்ள ஒரு எடத்துல பொறக்குமாம். ஆனா பொறந்த எடத்துல இருக்கக் கூடாதாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடம் உண்டு. அங்க ஏறிப் போய் உக்காரணும்.

யூதித்: யாரு வழி காட்டுவா?

ராகேல்: அதேதான் நானும் கேட்டேன். முன்னாடியே மேல போய்ச் சேந்த சிலது இருக்குமாம். அதுங்க ஒரு சேதிய அனுப்பிக்கிட்டே இருக்கும். நம்ம சாப்பாட்டு மணி மாதிரி வெச்சுக்கோயேன். மணி அடிச்சா என்ன பண்றோம்?

யூதித்: ஓடறோம்.

ராகேல்: ஓடி, அவங்கவங்க வயசுக்கு எந்த எடமோ அங்க உக்காருறோம். யாரும் யாரையும் கேக்கறதில்ல. அது மாதிரி. ஆனா அங்க தலைகீழா... கடைசியாப் பொறந்தது பெரியவங்களையெல்லாம் தாண்டிப் போய் மேல உக்காரணுமாம்.

யூதித்: இங்க அப்படி நடந்தா போதகருக்கு மயக்கமே வந்துடும்.

ராகேல்: விளையாடாதே. நான் சொல்லி முடிக்கணும்.

யூதித்: சரி, சரி. சொல்லு.

ராகேல்: அந்தச் சேதி வந்தா மட்டும் போதாது. வாங்கறதுக்கு ஒண்ணு வேணும். ஒவ்வொரு உயிரணுவோட மேல் தோல்லயும் ஒரு கொக்கி நீட்டிக்கிட்டு இருக்குமாம். சேதி வந்து அதுல மாட்டும். மாட்டினதும் உள்ள நிக்கிற ஒண்ணு தகவலை எடுத்துக்கிட்டு ஓடும். "வந்தாச்சு, நில்லு, இதுதான் உன் எடம்"னு. கொக்கி வாசல்ல வாங்குது, இன்னொண்ணு உள்ள கொண்டு போய்ச் சேக்குது.

யூதித்: ம்.

ராகேல்: இவளுக்கு அந்தக் கொக்கி இல்ல.

லேயா: எற... கு.

ராகேல்: ஆமாடா, எறகு. வாயில வெக்காதே... யூதித், எடு அத.

யூதித்: எடுத்துட்டேன்... எல்லா எடத்துலயும் இல்லையா, கொக்கி?

ராகேல்: ரெண்டு தினுசுக் கொக்கி உண்டாம். இவளுக்கு ஒண்ணு இல்ல, ஒண்ணு இருக்கு. இருக்கறது முடிஞ்ச வரைக்கும் வேலையப் பாத்திருக்கு. அதனாலதான் நம்மள அடையாளம் தெரியுது, பாட்டுப் பாடினா கூடவே முனகுறா, சிரிக்கிறா. ஆனா பின்மண்டையில ஒரு சின்ன மூளை இருக்காமே, நிக்கறதுக்கும் நடக்கறதுக்கும் கணக்குப் பாக்கறது... அது சரியா வளரல. அங்க மணி அடிச்சிருக்கு. அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு. இவளோடது எங்க போறதுன்னு தெரியாம, வழியிலேயே உக்காந்துடுச்சு.

யூதித்: ...இதுல கொழுப்பு எங்கேருந்து வந்துச்சு?

ராகேல்: அந்தக் கொக்கியோட பேரே கொழுப்போடதான். ஒடம்புல மத்த எடத்துல, ரத்தத்துல மெதந்து போற கொழுப்பப் பிடிச்சு உள்ள வாங்கறதும் அதே கொக்கிதானாம். கையி ஒண்ணு, வேலை ரெண்டு.

யூதித்: அதக் கேட்டுட்டுத்தான் நீ வெண்ணெய நிறுத்தினியா?

ராகேல்: ஆமா.

யூதித்: அக்கா. அது இவ பொறக்கறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சு போச்சு.

ராகேல்: தெரியும்.

யூதித்: இப்ப கஞ்சி குடுத்தாலும் ஒண்ணுதான், கொழுப்பு குடுத்தாலும் ஒண்ணுதான்.

ராகேல்: தெரியும்னு சொல்றேன்ல. மூளையப் பத்தி அவங்க சொன்னதெல்லாம் கையில பிடிக்க முடியல. கொழுப்பு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்ச சாமான். பானையில போடலாம், போடாம இருக்கலாம். அத வெச்சு ஏதாவது... ஒரு வாரம் பண்ணிப் பாத்தேன். யாரு செத்தாங்க?

யூதித்: பவுல் மாமா செத்துப் பொழச்சாரு.

ராகேல்: போடீ...

யூதித்: சிரிச்சியா? சிரிச்சுட்டே. சரி, அந்த டப்பாவ இங்க தள்ளு. லேயா, வாயத் தெற. ரொட்டி... வாத்துக் கொழுப்பு... மேல ஒரு சிட்டிகை உப்பு.

ராகேல்: யூதித்...

யூதித்: பாரு எப்படி மெல்லுறான்னு. கண்ண மூடிக்கிட்டு.

லேயா: இன்... னும்.

யூதித்: இன்னுமா? தர்றேன்டி தங்கம். உங்கம்மா காணாம தர்றேன்.

ராகேல்: மெதுவாக் குடு. இருமுவா.

யூதித்: மெதுவாத்தான் குடுக்கறேன்... நோவு கூடுமா, அக்கா? போகப் போக?

ராகேல்: கூடாதாம். அது ஒண்ணுதான் நல்ல சேதியாச் சொன்னாங்க. இது மேல மேல ஏறுற நோவு இல்ல. இப்படியே இருப்பா. மெதுவா மெதுவாக் கத்துக்குவா. நடப்பாளா மாட்டாளான்னு சொல்ல முடியாது. நம்ம காலத்துக்கு அப்புறமும் இருப்பா.

யூதித்: பாலர் பள்ளியில?

ராகேல்: ரெண்டு தடவை அனுப்பினேன். மத்த பிள்ளைங்க வெளிய ஓடிருச்சுங்க. இவ வாசப்படி வரைக்கும் தவழ்ந்து போய், அங்கேயே நின்னுட்டா. நிக்கல... இருந்துட்டா. நான் போறப்போ அங்கேயே இருந்தா, வெளிய பாத்துக்கிட்டு. அதுக்கப்புறம் அனுப்பல.

யூதித்: ம்.

ராகேல்: அழுதிருந்தாக்கூடத் தேவல. அழல.

யூதித்: அந்தக் கொக்கி ஏன் இவளுக்கு இல்லாமப் போச்சு?

ராகேல்: ஆண்டவர் சித்தம்.

யூதித்: டாக்டரம்மா அப்படியா சொன்னாங்க?

ராகேல்: அந்த வாத்த இங்க குடு. உனக்குக் கழுத்துப் பக்கம் வரல, தோலக் கிழிக்கறே.

யூதித்: அக்கா, கேட்டதுக்குப் பதில் சொல்லு.

ராகேல்: என்னத்தச் சொல்ல? குடும்பப் பேரு கேட்டாங்க. அம்மா எந்தப் பண்ணை, பாட்டி எந்தப் பண்ணைன்னு கேட்டாங்க. நாம எல்லாருமே ஒரே கையளவு குடும்பத்துலேருந்து வந்தவங்கதானேன்னாங்க. எத்தனை பேரு இருந்தா என்ன, குடும்பப் பேரு பத்துப் பதினஞ்சுக்கு மேல கெடையாது நமக்கு. அது அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. நம்மள மாதிரி பண்ணையில ஒண்ணா வாழற ஹட்டரைட் சனங்க வேற சிலரையும் பாத்திருக்காங்களாம்.

யூதித்: அப்புறம்?

ராகேல்: அப்புறம் என்ன... வந்துட்டோம்.

யூதித்: ஒண்ணுமே சொல்லலையா?

ராகேல்: யூதித், ஞாயித்துக்கிழமை எலியாஸ் போதகரக் கூட்டிக்கிட்டு அப்பாகிட்ட உன்னப் பொண்ணு கேக்கப் போறான். சந்தோஷமா இரேன். இப்ப எதுக்கு இதெல்லாம்.

யூதித்: சந்தோஷமாத்தான் இருக்கேன்.

ராகேல்: இங்க வந்துடுவே. எனக்கு அடுத்த வீடுதான் காலியா இருக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். துணி தொவைக்கறப்போ, தோட்டத்துல... இங்க வந்து இத்தனை வருஷத்துல எனக்குன்னு வாய்விட்டுப் பேச ஒரு ஆளு கெடையாது. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா லேயாவப் பாத்தா குரலக் கொறச்சுக்கறாங்க. நீ கொறைக்க மாட்டே.

யூதித்: நான் எங்க கொறைச்சேன், கத்தறேன்.

ராகேல்: அதான்.

யூதித்: ...அக்கா அண்ணனக் கட்டினா, தங்கச்சி தம்பியக் கட்டிக்கப் போறா. அம்மாவுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. தையல் அறையில எல்லாருக்கும் சொல்லிட்டாங்க.

ராகேல்: சொல்லிட்டாங்களா.

யூதித்: ம். அந்த வீட்டுச் சன்னலுக்குத் திரை கூடத் தச்சாச்சு. அக்கா? ஏன் கைய நிறுத்திட்டே?

ராகேல்: கதவச் சாத்து.

யூதித்: யாரும் இல்ல வெளிய. எல்லாரும் கொட்டகையில.

ராகேல்: சாத்து.

யூதித்: சாத்திட்டேன். என்ன?

ராகேல்: அவனக் கட்டிக்காதே. எலியாஸ் நல்லவன். என் புருஷன் ஜோனஸ விட நல்லவன்னுகூட சொல்லுவேன், ஜோனஸ் கேட்டாலும் சொல்லுவேன். அவன் மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா கட்டிக்காதே.

யூதித்: ஏன்?

ராகேல்: அந்தக் கொக்கி செய்யறதுக்கு ஒரு வழிமுறை ஒடம்புல எழுதியிருக்குமாம். அம்மாகிட்டேருந்து ஒண்ணு வரும், அப்பாகிட்டேருந்து ஒண்ணு வரும். ஒண்ணு கெட்டிருந்தா பரவாயில்ல, இன்னொண்ணு பாத்துக்கும். எனக்கு ஒண்ணு கெட்டிருக்கு. எனக்கே தெரியாது. நான் நடக்கறேன், ஓடறேன், வாத்தத் துரத்திப் பிடிக்கறேன். ஜோனஸுக்கும் ஒண்ணு கெட்டிருக்கு. அவன் ஏணியில ஏறி கூரை வேயறான். ரெண்டு கெட்டதும் சேந்து இவகிட்ட வந்துருச்சு.

யூதித்: அப்போ எனக்கும்...

ராகேல்: உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காசு சுண்டிப் பாக்கற மாதிரிதான்னு டாக்டரம்மா சொன்னாங்க. எலியாஸுக்கும் அப்படித்தான். ரத்தம் எடுத்துப் பாத்தாத் தெரியும். உங்க வீட்டாள்ல கல்யாணம் ஆகாதவங்க இருந்தா கண்டிப்பாச் சொல்லுங்கன்னாங்க. என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. நான் தலைய ஆட்டிட்டு வந்தேன்.

யூதித்: அது எப்போ?

ராகேல்: கோதுமை அறுக்கறதுக்கு முன்னாடி.

யூதித்: அதுக்கப்புறம் நான் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டேன்.

ராகேல்: ஆமா.

யூதித்: இந்தத் தடவை வந்தும் நாளாச்சு.

ராகேல்: தெரியும் யூதித், தெரியும். தெனமும் காலையில இன்னைக்குச் சொல்லிடணும்னு எந்திரிப்பேன். நீ வந்து இவளத் தூக்கிக்கிட்டு ஆடுவே... அத்தைதான் வேண்டாம்னாங்க.

யூதித்: அத்தையா? எலியாஸோட அம்மாவா?

ராகேல்: மொதல்ல ஞாயித்துக்கிழமை முடியட்டும், பொண்ணு கேட்டு முடியட்டும்னாங்க. குடும்பத்துப் பேரு கெடும்னு. அவங்க பேச்ச மீறி நான்... இப்ப மீறிட்டேன். சொல்லிட்டேன். இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. அப்பாகிட்ட நான் பேசறேன். எலியாஸ்கிட்டயும் நானே பேசறேன். நீ அழாதே.

யூதித்: நான் அழல.

ராகேல்: அழு. பரவாயில்ல.

யூதித்: அக்கா, எனக்குத் தெரியும்.

ராகேல்: என்ன தெரியும்?

யூதித்: எல்லாம். கொக்கி, மணி, காசு சுண்டறது. உங்கள கால்கரிக்கு வேன் ஓட்டிக்கிட்டுப் போனது யாரு? எலியாஸ்தானே. ஜோனஸ் மாமா திரும்பி வர்ற வழியில பெட்ரோல் போடற எடத்துல நின்னு அழுதாராமே. உனக்குத் தெரியாம. அப்ப சொல்லிட்டாரு தம்பிகிட்ட.

ராகேல்: ஜோனஸ் அழுதானா?

யூதித்: ம். எலியாஸ் மறு வாரமே எங்க பண்ணைக்கு விதை எடுக்க வந்தான். வந்து, நேரா என்கிட்ட சொன்னான். சுத்தி வளைக்கவே இல்ல. நான் பல்லு வலின்னு அம்மாகிட்டச் சொல்லிட்டு டவுனுக்குப் போனேன். ரெண்டு பேரும் ரத்தம் குடுத்தோம்.

ராகேல்: ரத்தம் குடுத்துட்டீங்களா... அப்புறம்?

யூதித்: அவனுக்கு இருக்கு.

ராகேல்: ஐயோ.

யூதித்: எனக்கு இல்ல.

ராகேல்: இல்லையா?

யூதித்: எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்காம். அப்படின்னா எங்களுக்குப் பொறக்கறதுக்கு இது வராதுன்னாங்க. அவன்கிட்டேருந்து ஒண்ணு போகலாம், அதோட சரி. எங்க பிள்ளை நடக்கும்.

ராகேல்: நடக்கும்.

யூதித்: அக்கா...

ராகேல்: நல்லது. நல்லது யூதித். ஆண்டவருக்கு... என்கிட்ட ஏன் சொல்லல நீ?

யூதித்: எப்படிச் சொல்றது? இவ என் மடியில உக்காந்திருக்கா. ஒரே அம்மா வயித்துல பொறந்தோம், ஒரே தட்டுல சாப்பிட்டோம். கெட்டது உனக்கு வந்துச்சு, நல்லது எனக்கு வந்துச்சு. ஏதோ உன்கிட்டேருந்து திருடிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. டாக்டர் "சந்தோஷமாப் போயிட்டு வாங்க"ன்னாரு. எனக்கு வெளிய வர்றதுக்கே கால் வரல.

ராகேல்: பைத்தியம்.

யூதித்: இன்னொண்ணும் இருக்கு. நீயாச் சொல்லுவியான்னு பாத்தேன். வந்த அன்னைக்கிலேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். கொழுப்பு கதையெல்லாம் சொன்னே. இதச் சொல்லல. ராத்திரி படுத்துக்கிட்டு, நாளைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு... இன்னைக்கும் நீ சொல்லாமப் போயிருந்தா நான் காலையில கெளம்பியிருப்பேன். கல்யாணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு.

ராகேல்: சொல்லிட்டேனே.

யூதித்: சொல்லிட்டே. அதனாலதான் இருக்கேன்.

லேயா: ம்மா... அழு... அழுவு.

ராகேல்: இல்லடா. அம்மா அழல. எறகு கண்ணுல போயிருச்சு.

யூதித்: ஆனா ஒண்ணு எனக்குப் பிடிபடல, அக்கா.

ராகேல்: என்ன?

யூதித்: அத்தை வேண்டாம்னாங்கன்னு சொன்னியே.

ராகேல்: ஆமா.

யூதித்: எலியாஸ என்கிட்ட அனுப்பினதே அத்தைதான். "அந்தப் பொண்ணுக்குத் தெரியாம கல்யாணம், தாலாட்டுன்னு கொண்டு போகாதே, மொதல்ல போய்ச் சொல்லு, அப்புறம் வந்து சாப்பிடு"ன்னு தட்டத் தள்ளி வெச்சுட்டாங்களாம். எலியாஸ் பொய் சொல்ல மாட்டான். அப்போ உன்னச் சொல்ல வேண்டாம்னு தடுத்தது யாரு? ஜோனஸ் மாமாவா?

ராகேல்: யாரும் தடுக்கல, யூதித். நீ இங்க வந்து, உனக்கும் இப்படி ஒண்ணு பொறந்தா... இவளோட சேந்து தவழ ஒரு பிள்ளை இருக்கும்னு நெனச்சேன்.